ஆளுக்கு ஏழு மிளகு

தட்டு திரும்பி உள்ளே வந்ததும் உள்ளக்கா அதைத் தண்ணீரில் போடமாட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். விளிம்பில் எதை ஒதுக்கியிருக்கிறார்கள், ரொட்டியைக் கடித்தார்களா பிய்த்தார்களா, கரண்டி குப்புறக் கிடக்கிறதா மல்லாந்து கிடக்கிறதா. எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் தட்டுக்குக் குளியல்.

“மூணாம் மேசைக்காரருக்குக் கடைவாய்ப் பல்லு வலி. ரொட்டியில முறுகின பக்கத்தை அப்படியே வெச்சிருக்காரு. சூப்பை ஆற வெச்சுக் குடுங்க” என்பாள். கண்டக்டர் போய்ப் பார்த்தால், மூன்றாம் மேசைக்காரர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உலகத்தையே வெறுத்து உட்கார்ந்திருப்பார்.

கண்டக்டர்தான் இந்த ஓட்டலின் முதலாளி. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு, மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஆறு மேசை போட்டு, பெயர்ப்பலகைகூட மாட்டாமல் ஓட்டலை ஆரம்பித்தவர். பஸ் அவரை விட்டுப் போனாலும் அவர் பஸ்ஸை விடவில்லை. ஆள் வந்து உட்கார்ந்தால் “நாலாம் மேசை, ரெண்டு சீட்டு” என்று குரல் கொடுப்பார். சாப்பிட்டு எழுந்தால் “நாலாம் மேசை இறங்கியாச்சு” என்பார். காதில் பென்சில் செருகாமல் அவர் தூங்குவதில்லை என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

உள்ளக்காவின் தட்டு ஜோசியத்தைப் பரப்பியவரும் அவரே. பல வருஷங்களுக்கு முன் ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும், அறிமுகமே இல்லாதவர்கள்போல, பக்கத்துப் பக்கத்து மேசையில் வந்து சாப்பிட்டுப் போவார்களாம். ஒருநாள், எப்போதும் காரட்டை ஒதுக்கும் அந்தப் பெண்ணின் தட்டில் ஒரு காரட் துண்டுகூட இல்லை. பையனின் தட்டிலோ காரட் குவியல். “இங்கேருந்து அங்கே போயிருக்கு. கல்யாணச் சாப்பாடு எப்போன்னு கேளுங்க” என்றாளாம் உள்ளக்கா. கண்டக்டர் சத்தியம் செய்து சொல்வதில் முக்கால் பங்குதான் தேறும். ஆனால் அந்த ஜோடி இப்போதும் மாதம் ஒருமுறை குழந்தையோடு வருகிறது. குழந்தையும் காரட்டை ஒதுக்குகிறது.

இத்தனை பேரை இத்தனை நெருக்கமாகத் தெரிந்தவள் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், தட்டு நீட்டுவதற்காக ஒரு சதுர ஜன்னல். அதில் ஒரு துணித்திரை, தட்டு நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டுத் தொங்கும். அதைத் தைத்து மாட்டியவள் அவள்தான். தயாரான தட்டை விளிம்பில் வைத்து, பக்கத்தில் இருக்கும் மணியை ஒரு தட்டுத் தட்டுவாள். வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது இரண்டு கைகள் மட்டும். ‘சமைச்சது யாரு’ என்று கேட்டால் கண்டக்டர் ‘உள்ளே ஒரு அக்கா இருக்காங்க’ என்பார். அது தேய்ந்து தேய்ந்து உள்ளக்கா ஆனது. சொந்தப் பெயர் கண்டக்டரின் நோட்டில் எங்கேயோ இருக்கும்.

சாப்பிட்டவர்கள் பார்த்து இரண்டு நல்ல வார்த்தை சொல்ல ஆசைப்படுவார்கள். கண்டக்டர் திரைக்கு வந்து கேட்பார். “நான் இல்லைன்னு சொல்லுங்க” என்பாள். மெதுவாகப் பேசத் தெரியாத பிறவி. ஆறு மேசைக்கும் கேட்கும். ஒருமுறை ஒரு பெரிய மனிதர், விரலுக்கு ஒன்றாக மோதிரம் போட்டவர், அதைக் கேட்டுவிட்டு, “சரிங்க, இல்லாதவங்ககிட்ட சொல்லுங்க, மீன் பிரமாதம்னு” என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சூப்பில் அவளுக்கு ஒரு முறை உண்டு. மிளகைப் பானையில் போடமாட்டாள். வெண்ணெயில் பொரித்து, கிண்ணத்தில் ஊற்றிய பிறகு ஆளுக்கு ஏழாக எண்ணிப் போடுவாள். அவள் அம்மாவின் கணக்கு அது. “எட்டாப் போட்டா போலீஸா வரப்போறான்?” என்று கண்டக்டர் கேட்டதற்கு, “வருவான்” என்று சொல்லிவிட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் பண்டிகைக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை விழுந்தது. ஒர்க்‌ஷாப் பூட்டு, மருந்துக்கடை பூட்டு, பெரிய சாலையில் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருப்பதாக எழுதிப்போட்ட கடையும் பூட்டு. ஊரே உறவுகளைத் தேடிப் போய்விட்டது. உள்ளக்காவுக்குப் போக இடமில்லை. கண்டக்டருக்குப் போக மனமில்லை. லீவு நாளில் நிற்கும் வண்டி வண்டியே அல்ல என்பது அவர் கட்சி. அதனால் இங்கே மட்டும் அடுப்பு எரிந்தது.

இரண்டாம் நாள் பகலில் ஒரு கார் வழிதவறி வந்து, சூடாகி, புகையோடு நின்றது. ஓட்டிவந்தவர் கார் குடிக்கத் தண்ணீர் கேட்கத்தான் உள்ளே வந்தார். வந்தவர் மூக்கை உயர்த்தினார். திரும்பிப் போய்க் காரில் இருந்த மூன்று பேரையும் இறக்கிக்கொண்டு வந்தார்.

“ஆறாம் மேசை, நாலு சீட்டு, நாலும் பட்டினி” என்றார் கண்டக்டர். புருஷன், பொண்டாட்டி, புருஷனைப் பெற்ற அம்மா, ஒரு பெண் பிள்ளை. காலையிலிருந்து வழியெல்லாம் பூட்டுதான் பார்த்தார்களாம். கிடைத்தது ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட். மாமியார் அந்தப் பாக்கெட்டின் பங்கீட்டைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

சூப்பும் வறுத்த மீனும் ரொட்டியும் போயின. சிறிது நேரத்தில் கண்டக்டர் திரைக்கு வந்து செய்தி வாசித்தார். மாமியார் முதல் வாய்க்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டாராம். மகன் பயந்துபோய் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அடுத்த வருஷமும் வழிதவற வேண்டும் என்று அவர் இப்போதே முடிவு செய்துவிட்டாராம்.

“அந்தப் பிள்ளையோட அம்மா மட்டும் ஒண்ணும் சொல்லலை. சூப்பை மோந்து மோந்து பார்க்கறாங்க. ஈ கீ விழுந்திருக்கான்னு கேட்டேன். இல்லைன்னுட்டாங்க.”

முதலில் திரும்பி வந்தது பெண் பிள்ளையின் மீன் தட்டு. உள்ளக்கா வழக்கம்போல அதை வெளிச்சத்தில் சாய்த்தாள்.

மீனின் சதையெல்லாம் போய், தலையும் முள்ளும் சிதையாமல் ஒரே கோடாய்க் கிடந்தன. விளிம்பில், சூப்பிலிருந்து பொறுக்கிய ஆறு மிளகு, எறும்பு ஊர்வதுபோல் வரிசையாக. ஏழாவது மிளகு மீனின் கண்குழியில் இருந்தது.

உள்ளக்கா அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கண்ணை வைக்கிற ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் தங்கச்சிக்கு மிளகு ஆகாது. அம்மா பார்க்கிறபோது வரிசையாக ஒதுக்குவாள். பார்க்காதபோது ஒன்றை மீனின் கண்ணில் வைத்துத் தட்டை அக்காவின் பக்கம் திருப்பி, “உன்னையே பார்க்குது பாரு” என்பாள். அக்கா பயந்து அலறுவாள். அம்மா பார்ப்பதற்கு முன்னால் கிண்ணத்தைப் பிடித்து, தங்கச்சியின் ஏழு மிளகையும் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு பழகியது அதிலிருந்துதான்.

“அந்தப் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்?” என்று கேட்டாள்.

“அரை டிக்கெட்தான். பத்து, பதினொண்ணு.”

பதினொன்று. அம்மா அக்காவின் வீட்டில் படுத்துக் கிடந்தபோது, வேறு ஊரில் தங்கச்சிக்கு மாதம் நிறைந்திருந்தது. கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னால் ஓடி வந்துவிடுவாள், இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று அக்கா தானே முடிவு செய்து வாயை மூடிக்கொண்டாள். கடைசி நாளில் அம்மா சின்னவளைக் கேட்டாள். ‘வந்துக்கிட்டே இருக்கா’ என்று பொய் சொன்னாள் அக்கா. அம்மா வாசலைப் பார்த்தபடியே போனாள். எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து, துணியில் பொதிந்த குழந்தையோடு தங்கச்சி வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. “அம்மா முகத்தை எனக்கு இல்லாமப் பண்ணிட்டே. இந்த முகத்தை நீ பார்க்க வேண்டாம்” என்று சொல்லித் திரும்பிப் போனாள். அதன் பிறகு அக்கா எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. வீட்டைப் பூட்டிக்கொண்டு இந்த அடுப்படிக்கு வந்தவள், முதல் வாரத்திலேயே திரையைத் தைத்து மாட்டினாள்.

“ஆறாம் மேசைக்கு இன்னொரு சூப்பு. அந்தம்மா கேக்கறாங்க” என்றார் கண்டக்டர்.

உள்ளக்கா எழுந்தாள். சூப்பை ஊற்றினாள். வெண்ணெயில் மிளகைப் பொரித்து, எண்ணி, ஏழு போட்டாள். பிறகு கரண்டி நுனியால் ஒவ்வொன்றாக ஏழையும் பொறுக்கி எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். சூடு சுட்டது. கையைத் திறக்கவில்லை.

கிண்ணம் போனது. கூடத்தில் கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. சூப்பைக் குடிக்கிறாளா, பார்த்துக்கொண்டிருக்கிறாளா, தெரியவில்லை. திரையை ஒரு விரல் விலக்கினால் தெரியும். விலக்கவில்லை.

கண்டக்டர் வந்தார். “சமைச்சவங்களைப் பார்க்கணுங்கறாங்க. என்ன சொல்லட்டும்?”

பதினோரு வருஷப் பழக்கம். நெஞ்சு எழுவதற்குள் நாக்கு எழுந்துவிட்டது.

“நான் இல்லைன்னு சொல்லுங்க.”

சொன்ன பிறகுதான், அது ஆறாம் மேசைக்கும் கேட்டிருக்கும் என்று அவளுக்கு உறைத்தது.

கூடத்தில் கிண்ணத்துக்குள் கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல். பழைய குரல்தான், அடியில் கொஞ்சம் கரகரப்பு சேர்ந்திருந்தது.

“பரவாயில்லைங்க. வந்தா சொல்லுங்க... மிளகை எடுத்துட்டுக் குடுத்தாங்கல்ல, அதைப் பார்த்தேன்னு சொல்லுங்க.”

“யாரும்மா எடுத்தாங்க?” என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மாமியாரின் கைத்தடி தரையைத் தட்டித் தட்டி வாசல் பக்கம் போனது. வெளியே காரின் கதவு திறந்தது.

“ஆறாம் மேசை இறங்கியாச்சு” என்றார் கண்டக்டர்.

உள்ளக்கா மணியைத் தட்டினாள். ஒரு முறை தட்டுகிறவள் இரண்டு முறை, மூன்று முறை, நிறுத்தாமல் தட்டினாள். தட்டு எதுவும் தயாராக இல்லை என்பதை அறிந்த கண்டக்டர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வாசலில் கைத்தடிச் சத்தம் நின்றது. யாரோ ஒருவருடைய செருப்புச் சத்தம் மட்டும் திரும்பி, ஜன்னலை நோக்கி வந்தது.

திரைக்கு அடியில், தட்டு வைக்கிற இடத்தில், உள்ளக்கா தன் இடது கையை நீட்டி விரல்களைத் திறந்தாள். சிவந்து கன்றிப்போன உள்ளங்கையில் ஏழு மிளகு இருந்தது.