வான்குடியின் நூறாவது வருஷம்

பகல் ஷிப்ட்காரன் எழுந்து போன நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அதில் உட்கார்ந்து, விடியும் வரை ப்ரோக்ராம் எழுதுகிற தொழிலில் தூக்கம் போவது பெரிய நஷ்டமில்லை. எழுதியதை யார் உபயோகிக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியாமல் போவதுதான் நஷ்டம். உங்களில் யாராவது ராத்திரியெல்லாம் கண் விழித்து ஒரு வேலையை முடித்து, காலையில் அதை வேறொருவர் பெயரில் அனுப்பிவிட்டு, எதிர்வெயிலில் பஸ் ஏறி வீடு போய்ப் படுத்திருந்தால், மேற்கொண்டு நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளில் ஈக்காட்டுத்தாங்கலில் கீழே லேத் பட்டறை, மாடியில் எங்கள் கம்பெனி. மெஷின் மூன்று, ஆள் ஆறு. டிகிரி வாங்கியவர்களுக்குப் பகல், வாங்காதவர்களுக்கு ராத்திரி. நான் கம்ப்யூட்டர் படித்தது லஸ் நடைபாதையில் வாங்கிய ஒரு பழைய புத்தகத்தில். அதில் முதல் அத்தியாயம் கிழிந்து போயிருந்தது. இன்றைக்கும் எனக்கு இந்தத் தொழில் இரண்டாம் அத்தியாயத்திலிருந்துதான் தெரியும்.

கவர், மேட், வான்குடி

பள்ளிக்கூடங்களுக்கு மார்க் ஷீட் அச்சடித்துக் கொடுப்பது எங்கள் ராத்திரி வேலைகளில் ஒன்று. ஒரு மெஷினில் பிரிண்டர் கீச்கீச்சென்று இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்து மெஷின் சும்மா இருக்கும். சும்மா இருந்த மெஷினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை வருஷம் எழுதியதுதான் வான்குடி. ஏழு கோள்கள், ஒரு கப்பல், நாற்பது குடும்பங்கள். எண்டரைத் தட்டினால் ஒரு வருஷம் போகும். எந்தக் கோளுக்குத் தண்ணீர் அனுப்புவது, எங்கே புதிதாக ஊர் வைப்பது, பக்கத்துக் கோள்காரன் காற்று கேட்டால் கொடுப்பதா வேண்டாமா, இவ்வளவுதான் ஆட்டம். படம் என்று பார்த்தால் கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள்.

எங்கள் கம்பெனி பாகங்கள் வாங்கிக் கம்ப்யூட்டர் கூட்டியும் விற்கும். முதலாளி ஒருநாள் சீக்கிரம் வந்தவர் என் தோளுக்கு மேலாக நின்று இருபது வருஷம் ஆடிப் பார்த்தார். பிறகு, மெஷின் வாங்குகிறவர்களுக்குத் தூசி படாமல் மூடுகிற கவரும் மவுஸ் மேட்டும் இலவசமாகக் கொடுக்கிறோமே, அதோடு இந்த ஃப்ளாப்பியையும் போட்டுவிடு என்றார். தனியாக விற்கலாமே என்று நான் இழுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தாம்பா இருக்கு. ஆனா ஒருத்தனும் ஒருத்தனைச் சுடவே மாட்டேங்கறானே, எப்படி ஓடும்?"

பிறக்காத குடிகள்

அவர் சொன்னபடியே ஓடவில்லை. நிறையப் பேர் அந்த ஃப்ளாப்பியை அழித்துவிட்டு வேறு எதையோ ஏற்றிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருஷம் கழித்து மயிலாப்பூரிலிருந்து ஒரு போன். வைதேகி மாமி. வீட்டில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறவர். பையன் அமெரிக்கா போகும்போது மெஷினை விட்டுவிட்டுப் போயிருக்கிறான், கவரோடும் மேட்டோடும். வான்குடியில் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் முடிந்து எண்டரைத் தட்டியதும் ஊர்கள் எல்லாமே காணாமல் போய்விட்டனவாம். மாட வீதிக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். ஆட்டம் அத்தோடு முடிகிறது மாமி, அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று கூசாமல் சொன்னேன். முடிந்தது என்றால் முடிந்தது என்று திரையில் ஒரு வரி போட மாட்டாயா என்று மாமி கேட்டார். காபி அதற்குள் ஆறிவிட்டது. நிஜத்தைச் சொன்னேன்.

இடம் மிச்சம் பிடிப்பதற்காக வருஷத்துக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கியிருந்தேன். தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு வருவது சைபர். ஐம்பதாம் வருஷம் வைத்த ஊரின் வயது என்ன என்று மெஷின் கணக்குப் போடும்; சைபரில் ஐம்பது போனால் மைனஸ் ஐம்பது. வயது மைனஸில் இருந்தால் ஊர் இன்னும் உண்டாகவில்லை என்று எடுத்துக்கொண்டு பட்டியலிலிருந்து நீக்கிவிடும். என் ஆட்டத்தை அத்தனை தூரம் யாராவது ஆடுவார்கள் என்று நானே நினைத்ததில்லை. மாமி ஒரு தாளில் அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்: "அப்போ என் குடிகளை நீ கொல்லலை. பொறக்கவே இல்லைன்னுட்டே. அது அதைவிட மோசம்ப்பா."

தொண்ணூற்றெட்டில் நின்றவர்

நூறாவது வருஷம் வேண்டும் என்று மாமி வாரம் ஒருமுறை போன் செய்ய ஆரம்பித்த சமயத்தில், தி. நகரிலிருந்து இரண்டாவது ஆள் வந்தார். இஸ்மாயில் பாய், மூக்குக்கண்ணாடிக் கடை. பில் போட வாங்கிய மெஷினில் வான்குடியை முதலில் ஆடியது அவருடைய அண்ணன். நாலாம் கோளில் ஒரு ஊர் வைத்து அதற்குத் தன் பெயரையே கொடுத்திருக்கிறார். முப்பதாவது வருஷத்தில் ஆட்டம் இருக்கும்போது அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அங்கிருந்து பாய் ஏற்று நடத்தியிருக்கிறார். கடைப் பையன்கள் கை வைத்துவிடுவார்கள் என்று அந்த ஆட்டத்தை ஒரே ஒரு ஃப்ளாப்பியில் வைத்து, கல்லாவுக்குள் பூட்டியிருந்தார்.

தொண்ணூற்றொன்பதில் என்ன ஆகும் என்று மெஷின் வாங்கிய வேறொருவர் சொல்லி அவருக்குத் தெரியும். அதனால் தொண்ணூற்றெட்டிலேயே நிறுத்திவிட்டார். கடை சாத்துவதற்கு முன்னால் ஃப்ளாப்பியைப் போடுவார். அண்ணன் ஊரில் எத்தனை குடும்பம், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார். எண்டரைத் தட்டாமல் எடுத்துப் பூட்டிவிடுவார். எட்டு மாதமாக இப்படி. நிஜ உலகத்தில் அப்போது நடந்துகொண்டிருந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அவர் கடைக்குப் போய்ப் பார்த்தேன். பாய் லென்ஸைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி கேட்டார்: "ஊர்ல எல்லாருக்கும் தொண்ணூத்தொம்பதுக்கு அப்புறம் ரெண்டாயிரம் வருதாம். எங்களுக்கு மட்டும் ஏன் தம்பி வரக்கூடாது?"

மனு

அவர் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அப்போது எங்கள் கம்பெனிக்கு ராத்திரி பகலாக வந்துகொண்டிருந்தது அதே வேலைதான். என்னைப் போலவே இடம் மிச்சம் பிடித்து வருஷத்துக்கு இரண்டு இலக்கம் ஒதுக்கியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். ரெண்டாயிரம் பிறந்தால் மெஷின்கள் குழம்பிவிடும் என்ற பயத்தில் எங்கோ இருந்த கம்பெனிக்காரர்கள் பழைய ப்ரோக்ராம்களை அனுப்புவார்கள். நாங்கள் இரண்டை நாலாக்கி அனுப்புவோம். ராத்திரிக்கு நூறு இடத்தில் அடுத்தவன் வருஷத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். என்னுடையதைத் தொட நேரமில்லை. போதாததற்கு, வருஷக் கடைசியில் பழைய மெஷின்களைத் துடைத்து விற்றுவிடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். வான்குடியின் மூலப் பிரதி அவற்றில் ஒன்றில்தான் இருந்தது, கம்பெனி சொத்தாக.

மாமியும் பாயும் வான்குடிக்கு நூறாவது வருஷம் கேட்டு மனு எழுதி முதலாளியைப் பார்க்க வந்தார்கள். கூட மூன்றாவதாக ஒருவர், தாஸ். ஊரூர் குப்பத்து மீன்படகுகளுக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஐஸ் ஏற்றுகிறவர். அடையாறில் ஒரு கேம்ஸ் சென்டர் எங்களிடம் மெஷின் வாங்கியிருந்தது. காலை லோடு இறக்கிவிட்டு அங்கே போய் வான்குடி ஆடுவார். சென்டருக்கு வருகிறவர்களிடம் அவர் வாங்கி வந்த கையெழுத்துகள் மனுவின் பின்பக்கம் வரை போயின. முதலாளி மரியாதையாகவே பேசினார். சண்டை இல்லாத ஆட்டத்துக்கு இரண்டாம் பதிப்பு யார் வாங்குவார்கள் என்றார். மாமி ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன் தாஸ் முந்திக்கொண்டார்: "கடல்ல கூடத்தான் எவனும் எவனையும் சுடறதில்ல சார். தண்ணி கீதா, ஐஸ் கீதா, திரும்பி வர டீசல் கீதான்னு பாத்துக்கினு போறான். அதுல இல்லாத சண்டையா?"

கதவை மூடிய ஃப்ளாப்பி

முதலாளி மனுவைத் திருப்பிப் பின்பக்கக் கையெழுத்துகளை எண்ணினார். பிறகு, கம்பெனி நேரத்தில் தொடக்கூடாது, மெஷினைத் துடைக்கும் முன் காப்பி எடுத்துக்கொள் என்றார். அது போதும். என் சொந்த நேரம் என்பது பகல். ஷிப்ட் முடிந்து நேராக மயிலாப்பூர் போய், மாமி ட்யூஷன் ஆரம்பிக்கும் வரை அவர் மெஷினில் வேலை செய்தேன். இரண்டு இலக்கத்தை நாலாக்குவது சுலபம். ஆனால் ஏற்கெனவே சேமித்து வைத்த ஆட்டங்கள் பழைய அளவில் இருக்கின்றன. புது வான்குடிக்கு அவை படிக்க வராது. மாற்றிக் கொடுக்கத் தனியாக ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். மாமியின் ஊர்கள் எப்போதோ போய்விட்டன, புதியதில் முதலிலிருந்து ஆடுகிறேன் என்றார்; தாஸ் போகிற சென்டரில் ஆட்டத்தைச் சேமித்து வைப்பதே இல்லை. மாற்ற வேண்டிய ஆட்டம் உண்மையில் ஒன்றே ஒன்றுதான். பாய் அதைக் கல்லாவிலிருந்து எடுத்துத் தரும்போது, நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஃப்ளாப்பியின் மூலையில் நகத்தால் நகர்த்துகிற ஒரு சின்னக் கதவு உண்டு. திறந்து வைத்தால் மெஷின் படிக்க மட்டும்தான் முடியும்; மூடியிருந்தால் அதன் மேல் எழுதிவிடும். முதலில் கதவைத் திற, அப்புறம் காப்பி எடு, அப்புறம் வேலை. இந்தத் தொழிலில் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். தொடர்ந்து மூன்றாவது ராத்திரி விழித்துவிட்டு வந்த அன்று கதவையும் திறக்கவில்லை, காப்பியும் எடுக்கவில்லை. மாற்றுகிற ப்ரோக்ராம் பாதிவரை எழுதிவிட்டு நின்றுபோனது. பாதி புது அளவு, பாதி பழைய அளவு. எதிலும் திறக்கவில்லை. சாயங்காலம் வரை என்னென்னவோ செய்து பார்த்தேன். மாமி அன்றைக்கு ட்யூஷன் பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் தி. நகர் போய் ஒரே மூச்சில் சொன்னேன். பாய் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. தேய்த்து முடித்து, ஃப்ரேமில் பொருத்தி, காத்திருந்த அம்மாவின் முகத்தில் மாட்டி, காது வலிக்கிறதா என்று கேட்டு அனுப்பினார். பிறகு ஃப்ளாப்பியை வாங்கிப் பழையபடி கல்லாவில் வைத்துப் பூட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வேணும்னு செய்யல, தெரியும். ஆனா இனிமே யாருகிட்டயும் பத்திரமா பாத்துக்கறேன்னு சொல்லாதீங்க தம்பி."

நூறு

அதற்குப் பிறகு வான்குடி வேலையை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். யாருக்காக மாற்றினேனோ அவருடையதே போய்விட்டது, இனி நூறு வந்தென்ன. மாமி விடவில்லை. அந்த மனிதருக்கு நூறாவது வருஷமாவது வரட்டும் என்றார். டிசம்பர் கடைசி வாரத்தில், மெஷின்களைத் துடைப்பதற்கு இரண்டு நாள் முன்பு, புது வான்குடி முடிந்தது. மாமி தினமும் ஆடி அதில் தொண்ணூற்றொன்பதுக்கு வந்து நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் கூப்பிட்டார். தாஸ் வஞ்சிரம் கொண்டு வரட்டுமா என்று போனில் கேட்டு, எந்த வீட்டில் கேட்கிறோம் என்று தானே உணர்ந்து, வாழைப்பழத்தோடு வந்தார். பாய் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன், உட்காரவில்லை.

மாமி எண்டரைத் தட்டச் சொல்லி அவரைத்தான் கேட்டார். பாய் கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் ஒற்றை விரலால் தட்டினார். திரை ஒரு நொடி கறுத்தது. நூறு வந்தது. ஊர்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. நூறாவது வருஷத்திலும் இரண்டு கோளில் தண்ணீர்ப் பஞ்சம். தாஸ் சிரித்துவிட்டார், நம்ம ஊர் கணக்காகவே கீது நைனா என்றார். பாய் குனிந்து ஒவ்வொரு ஊர்ப் பெயராக உதடு அசையப் படித்தார். நாலாம் கோளில் மாமி வைத்திருந்த ஊருக்கு வேறு ஏதோ பெயர். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "பழசுல ஊர்ப் பேருக்கு இங்கிலீஷ்ல ஆறு எழுத்துதான் இடம், எங்க அண்ணன் ஜமாலுதீன் ஜமாலுன்னே நின்னுட்டாரு. பேர் முழுசா வர்ற மாதிரி நீட்டிக் குடுங்க தம்பி, ஒண்ணாம் வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

நானும் இத்தனை வருஷமாக ராத்திரியில் ப்ரோக்ராம் எழுதுகிறேன். சீக்கிரம் முடி என்று சொன்னவர்களுக்குக் குறைவில்லை, முடித்துவிடாதே என்று சொன்னவர்கள் அந்த மூன்று பேர்தான்.