ஓட்டமில்லாத முதல் சுற்று

என் கணவர் பேஸ்போல் ஆட்டம் ஒன்றை ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. ஜப்பானும் கொரியாவும் மோதினாலும், தாய்வான் வந்தாலும், அவர் பார்த்தது முதல் சுற்றை மட்டும். ஒவ்வோர் அணியும் ஒன்பது முறை மட்டை பிடிக்கும் அந்த ஆட்டத்தில், முதல் முறையில் இரு அணிகளும் சேர்ந்து எத்தனை ஓட்டம் எடுக்கும் என்பதுதான் பந்தயம். கைப்பேசியிலேயே கட்டலாம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

தொடக்கத்தில் கிரிக்கெட் கணக்கைப் போட்டுத் தோற்றார். ஆரம்ப ஓவர்களில் ஓட்டம் குவியும் என்று பழகிய கண். பேஸ்போலில் ஓட்டம் அரிது என்பது பிடிபட்டதும் மறுபக்கம் மாறினார். அதன்பின் அவர் கட்டியதெல்லாம் ஒரே பந்தயம்: முதல் சுற்றில் யாரும் ஓட்டம் எடுக்கமாட்டார்கள். எதுவும் நடந்துவிடக் கூடாது என்று ஒரு மனிதர் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. பத்திரிகையில் செய்தி திருத்தும் எனக்கு அது விளங்கவும் இல்லை. எங்கள் தொழிலில் ஏதாவது நடந்தாக வேண்டும்.

கண்டி நகரில் ஒரு துணிக்கடையின் கல்லாவில் அவர் இருந்தார், எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே. கடை முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். மகன்மார் இருந்தும் அவர் கல்லாவை என் கணவரிடம் விட்டிருந்தார். குண்டசாலையில் எங்களுக்கு வாடகை வீடு கிடைத்ததும், ஊரில் நாலு பேர் மதித்ததும் கல்லாவில் அவர் உட்கார்ந்த அந்தக் கதிரையால்தான்.

அன்று எனக்கு விடுமுறை. சட்டைத்துணி எடுக்கப் போனவள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிற்பகல் ஆட்டம் தொடங்கியிருந்தது. கைப்பேசி பில் புத்தகத்தில் சாய்ந்து நின்றது. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெண், மகளின் சடங்குக்குச் சேலை எடுத்துவிட்டுப் பணத்தை நீட்டினார். என் கணவர் நிமிராமல் இடது கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் இருங்க.”

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பஸ் போய்விடும் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். சேலைப் பக்கம் நின்ற விற்பனைப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“அக்கா, அண்ணன் இப்ப ஜப்பான்ல இருக்காரு. இங்கேருந்து கூப்பிட்டா கேக்காது.”

நானும் சிரித்திருப்பேன். ஆனால் அஸர் தொழுதுவிட்டு வந்த ஹாஜியார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் உள்ளே வந்து, பணத்தைத் தன் கையால் வாங்கி, மீதியைக் கொடுத்து, காக்க வைத்ததற்கு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் முதல் சுற்று முடிந்திருந்தது. ஒரு ஓட்டமும் இல்லை. என் கணவர் வென்ற முகத்தோடுதான் நிமிர்ந்தார்.

கடையின் பின்னறைக்கு எங்கள் இருவரையும் ஹாஜியார் கூப்பிட்டார். கல்லாப் பெட்டியை எண்ணிப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

“ஒரு சதமும் கொறயல்ல, தம்பி. களவெடுத்திருந்தா எனக்கு லேசு. காசு நீட்டின ஆள நிப்பாட்டி வெச்சீங்களே, அத நான் யார்ட்ட போய்ச் சொல்றது?”

ஓர் அரை மணி நேரம்தானே என்றார் என் கணவர். ஹாஜியார் மறுநாளிலிருந்து அவரைத் துணி வெட்டும் மேசைக்கு மாறச் சொன்னார். சம்பளத்தில் கைவைக்கவில்லை. கல்லாவில் அவரே உட்கார்ந்தார். பழைய வாடிக்கையாளர்கள் பணத்தோடு பழக்கத்தில் என் கணவரிடம் வந்தார்கள். அவர் அளவுகோலால் கல்லாவைக் காட்டினார்.

நோன்புக் கால வியாபாரம் தொடங்கியபோது ஹாஜியாருக்குத் தனியே முடியவில்லை. வாசலில் கைப்பேசியைத் தன்னிடம் தந்துவிட்டு வந்து பழையபடி கல்லாவில் உட்காரச் சொல்லியிருக்கிறார். குண்டசாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் கணவர் அதைச் சொன்னார். நான் மகிழ்ந்தேன். தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அடுத்து. ஏன் என்று கேட்டேன்.

“போனைக் குடுத்துரலாம். ஆனா அந்த நேரம் வந்தா மனசு அங்கதான் போகும். முன்னுக்கு ஆள் நிக்கிறது தெரியாது. வேற யாரையாவது வைங்கன்னு சொல்லிட்டேன்.”

அந்த வாரக் கடைசியில் ஹாஜியார் தன் மருமகனைக் கல்லாவில் உட்காரவைத்தார். எந்த ரூபாய்த் தாளை எந்தத் தட்டில் வைப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் கணவர்.