சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் ஐரிஷ் கிணறு

சனிக்கிழமை, முற்பகல் 11.10. பியர்சன் விமான நிலையம்.

டொங். வெறும் வாளி ஒன்று தரையில் கவிழும் சத்தம். வருகைக் கூடத்தின் ஓரத்தில் தரை துடைத்து முடித்த பெண் வாளியைத் தலைகீழாக வைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்திக்கொண்டாள். என் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. பின்னால் வந்தவரின் பெட்டி குதிகாலில் இடித்தது. "சொறி" என்றார். நான் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இலண்டனிலிருந்து ஏறத்தாழ எட்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் மடியில் ஒரு நாவல். பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான அயர்லாந்துக் கிளர்ச்சியைப் பற்றி ரொறன்ரோவில் வாழும் ஒருவர் தமிழில் எழுதியது. மாலை ஐந்து மணிக்கு ஸ்காபரோவில் வெளியீடு. மதிப்புரை என்னுடையது. ஆசிரியரின் புனைபெயரைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் நூறு பக்கங்களைச் சிரித்துக்கொண்டே வாசித்தேன். கோர்க் மாவட்டத்து விவசாயி, வீட்டுக்குள் நுழையுமுன் கிணற்றடியில் கால் கழுவுகிறான். சப்பாத்தை வாசலில் கழற்றுகிறான். அயர்லாந்தைக் காணாதவர் கட்டிய அயர்லாந்து. மழை மட்டும் அசல்.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. பட்ரிக் என்ற கிளர்ச்சிக்காரன் காட்டில் ஒளிந்திருக்கிறான். வீட்டில் சிப்பாய்கள் இல்லையென்றால் கிணற்றுக் கட்டின் மேல் வாளி கவிழ்ந்திருக்கும். வரலாம். நிமிர்ந்திருந்தால் வரக்கூடாது. ஒரு நண்பகல், சிப்பாய்கள் சமையலறைக்குள் காத்திருக்கும்போது, நிமிர்ந்திருந்த வாளி கவிழ்க்கப்படுகிறது. பட்ரிக் வருகிறான். கவிழ்த்தவன் அவனுடைய நண்பன் ஷோன்.

கடலுக்கு மேலே, பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், நாவலை மூடினேன்.

அது எங்கள் வீட்டு வாளி. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது பெரியண்ணா அப்படித்தான் வாழைத் தோட்டத்துக்குள்ளிருந்து வந்தான். வீட்டுக்குள் காத்திருந்த ஆமிச் சிப்பாய்கள் கொண்டுபோனார்கள். திரும்பி வரவேயில்லை. அந்த வாளியின் இரகசியம் அண்ணாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுத் தேவன் அண்ணைக்கும் மட்டும்தான் தெரியும். அடுத்த மாதமே தேவன் அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். 'அவன்தான் கவிழ்த்தவன்' என்று அம்மா சாகும்வரை சொன்னா. நான் வளர்ந்த பிறகு எனக்கு அந்த அடையாளத்தைச் சொல்லித்தந்ததும், அவரை வெறுக்கச் சொல்லித்தந்ததும் அம்மாதான்.

விழாக் குழுவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆசிரியரின் சொந்தப் பெயர் என்ன?

"தேவராசா அண்ணை. சென் ஜேம்ஸ் ரவுணில இருக்கிறார்." விலாசத்தை வாங்கிக்கொண்டேன்.

நண்பகல் 12.05. வாடகைக் கார். இருபத்தேழு கிலோமீற்றர், எழுபது டொலர். ஓட்டியவர் யாழ்ப்பாணத்துச் சங்கானைக்காரர். நெடுஞ்சாலையின் இரு கரையிலும் மேப்பிள் மரங்கள் இலையுதிர்காலச் சிவப்பில் தீப்பிடித்து நின்றன. நான் எதையும் இரசிக்கும் நிலையில் இல்லை.

"புத்தக வெளியீட்டுக்கோ? என்ன கதை அக்கா?"

"அயர்லாந்துச் சண்டை."

"எங்கட சண்டையை எழுதி முடிச்சிட்டினமோ, அங்கால போறதுக்கு?" அவரே சிரித்தார். "காட்டிக்குடுத்தவன் ஒருத்தனும் வருவானே?"

"வாறான்."

"அவன் இல்லாம ஒரு சண்டையும் இல்லை."

அவனைத்தான் பார்க்கப் போகிறேன் என்று நான் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு மேடையில் அந்தப் பக்கத்தை வாசிப்பது, பிறகு முன் வரிசையில் இருப்பவரின் பெயரைச் சொல்வது. கார் நிற்கும்போது என் மதிப்புரை அந்த இரண்டு வரிகளாகச் சுருங்கியிருந்தது.

பிற்பகல் 12.50. பதினான்காம் மாடி. மூன்று லிப்டில் ஒன்றுதான் ஓடியது. கதவைத் திறந்தது அவர் மனைவி சாந்தி அன்ரி. நடைவழி முழுக்கப் புத்தகப் பெட்டிகள். அவற்றுக்கு அப்பால், காலுறையோடு, தலை முழுக்க நரைத்த தேவன் அண்ணை.

அவர் என்னை உடனே கண்டுகொண்டார். "கொம்மாவின்ர நெத்தி" என்றார்.

"நீங்கள்தானே வாளியைக் கவிழ்த்தது?"

இருக்கச் சொல்லவுமில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவுமில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "ஓம். நான்தான். புத்தகத்தில எழுதிப்போட்டன். நீர் மேடையிலயும் சொல்லும். உம்மை மதிப்புரைக்குக் கேக்கச் சொன்னதும் நான்தான்."

இத்தனை வருடம் காத்திருந்த வாக்குமூலம். கையில் விழுந்ததும் அதில் பாரமே இல்லை.

தேநீர்த் தட்டைச் சாந்தி அன்ரி மேசையில் டக்கென்று வைத்தா. "பொய் சொல்லாதேங்கோ."

"சாந்தி, விடும்."

"நான் விடமாட்டன். ஊரெல்லாம் காறித் துப்பினது போதாதே? இப்ப காசு குடுத்து அச்சடிச்சும் துப்ப வைக்கப்போறியளே?"

உள்ளே போய் ஒரு பழைய கொப்பியோடு வந்தா. அவர் கை நீட்டித் தடுத்தார். அன்ரி அந்தக் கையைத் தட்டிவிட்டு என்னிடம் தந்தா. "முதல் எழுதினது இது. பிறகு தானே வெட்டினவர். ஏனெண்டு கேட்டா, அயர்லாந்தில நுளம்பு இல்லையாம்."

நீல மையில், சாய்ந்த எழுத்தில், அதே அத்தியாயம். ஆனால் ஷோன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். பட்ரிக்கின் குட்டித் தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து பின்பக்க ஒழுங்கையால் வருகிறாள். கிணற்றடியில் கால் கழுவுகிறாள். அன்று காலை சுகாதார அதிகாரி வகுப்புக்கு வந்து சொன்னது அவள் நினைவில் இருக்கிறது: தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும், அது கடித்தால் காய்ச்சல் வரும், எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். அவள் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்க்கிறாள். பூச்சாடியைக் கவிழ்க்கிறாள். வாளியைக் கவிழ்க்கிறாள். ஷோன் கத்த வாயைத் திறக்கிறான். கத்தினால் சமையலறைக்குள் இருக்கும் துப்பாக்கிகள் முதலில் அந்தப் பிள்ளையின் பக்கம்தான் திரும்பும். வாயை மூடுகிறான்.

என் விரல்களில் குளிர் ஏறியது. கிணற்றுத் தண்ணீரின் குளிர். சிரட்டைகளை எண்ணி வைத்தது நினைவிருந்தது. ஒன்பது. மறுநாள் ஆசிரியையிடம் சொல்வதற்காக எண்ணியவை. வீட்டுக்குள் அதைச் சொல்லத்தான் ஓடினேன். உள்ளே பூட்ஸ் கால்கள். எல்லாம் எப்போதும் நினைவிருந்தது. வாளி மட்டும் ஒரு பொருட்டாக நினைவில் இல்லை. பத்தாவது சிரட்டை போல அது.

"அம்மாட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா, கொம்மா உம்மை எப்பிடி வளர்க்கிறது?" என்றார்.

மூன்று தேநீரும் ஆடை கட்டின.

மாலை 5.00. ஸ்காபரோ. ஒரு பாடசாலை மண்டபம். குத்துவிளக்கு, அகவணக்கம், முதற்பிரதி, பொன்னாடை. பின்னால் பொரித்த றோல்ஸ் வாசம். சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றரை எப்படிக் கடந்தேன் என்று எழுத என்னிடம் குறிப்பில்லை. ஒலிவாங்கி முன் நின்றபோது, முன் வரிசையில் தேவன் அண்ணை தலையை இடம் வலமாக மெல்ல அசைத்தார். வேண்டாம்.

நான் சொன்னேன். "இந்த நாவலில் வாளியைக் கவிழ்த்தவன் துரோகி அல்ல. கவிழ்த்தது எட்டு வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளை நான்."

பிறகு மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "தங்கச்சி, நான் புத்தகத்தை முழுக்க வாசிச்சனான். அதில அப்பிடி ஒரு பிள்ளை வரேல்லையே?"

"இல்லைத்தான்" என்றேன். இறங்கிவிட்டேன்.

மாலை 6.45. கார்த் தரிப்பிடம். ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று இலண்டன் காற்று போல நனைக்காது, அறுக்கும். வந்த நகரத்தை நான் பார்க்கவேயில்லை. பார்த்தது ஒரு கிணற்றை. சாந்தி அன்ரி ஈயத்தாளில் சுற்றிய றோல்ஸை என் பைக்குள் திணித்தா. தேவன் அண்ணை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடவுமில்லை, விடவுமில்லை.

"அண்ணை, அடுத்த பதிப்பில அந்தப் பிள்ளையைத் திரும்ப எழுதுங்கோ."

அவர் குனிந்து, என் சேலைத் தலைப்பு கதவில் அகப்படாமல் உள்ளே எடுத்து வைத்தார்.

"அயர்லாந்தில நுளம்பு இல்லைப் பிள்ளை."