அழுங்குக்கு ஒரு காலண்டர் தாள்

வாடிக்கையாளர் முன்னால் அழுங்கு சுருள மறுத்தது. பாதி வளைந்து, முதுகு பிடித்துக்கொண்டவரைப் போல மேசைமேல் நின்றுவிட்டது.

வேங்கிக்காலில் பிசியோதெரபி மையம் நடத்தும் ஓர் அம்மா கேட்ட தகட்டு எறும்புதின்னிப் பொம்மை அது. பக்கவாதம் வந்து விரல் மடங்காதவர்கள் கையில் வைத்துப் பழகுவதற்கு. லேசாகத் தள்ளினால் பந்தாகச் சுருள வேண்டும். விட்டால் லொடலொடவென்று தொங்கக் கூடாது. சாம்பிள் சரியாக வந்தால் இன்னும் பன்னிரண்டு வேண்டும் என்றிருந்தார்.

நான் தொழிற்சாலை ஒன்றின் டிசைன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று, திருவண்ணாமலையில் வீட்டோடு சிறிய பட்டறை போட்டவன். வரைவது நான், கைவேலை முழுக்க ரபீக் பாய். ஒரு எம்.எம். ஸ்டெயின்லெஸ் ஷீட்டில் பதினான்கு செதில் தகடுகளை லேசரில் வெட்டி வாங்கினோம். பாய் ஓரங்களை அரம் போட்டு மழுக்கி, மரக்கட்டைமேல் தட்டி வளைத்தார். தகடுகளைக் கோக்கும் ரிவெட் ஆணி அடிக்கும் நேரத்தில், சுவரில் இருந்த தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தார்.

"ரெண்டு தகடுக்கும் நடுவுல இத வச்சி அடிச்சிட்டு, அப்புறம் பிச்சி எடுத்துடலாம் சார். அந்த கேப்புல ஃப்ரீயா ஆடும்."

"ட்ராயிங்ல காலண்டர் எங்க பாய் இருக்கு?" என்றேன்.

ஆடுவதற்கு இடம்விட்டு கிளியரன்ஸ் கொடுத்திருக்கிறேன் என்று விளக்கவும் செய்தேன். ஓட்டைக்குத்தான் கொடுத்திருந்தேன். சுத்தியல் அடியில் தகடும் தகடும் கவ்விக்கொள்ளும் என்பதை யோசிக்கவில்லை. பாய் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான் சொன்னபடியே அடித்தார்.

அந்த அம்மா அழுங்கை இரண்டு கையாலும் அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ரிவெட்ட பாய் டைட்டா அடிச்சிட்டாருங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற பாய் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப அடுத்தத வேற ஆள வச்சி பண்ணுங்க சார்" என்றார் அந்த அம்மா. நான் தலையாட்டினேன். மறுநாள் பாய் வேலைக்கு வரவில்லை.

ரிவெட்டுகளைப் பிரித்து நானே மறுபடி அடித்தேன், காலண்டர் தாள் வைத்துத்தான். அழுங்கு அழகாகச் சுருண்டது. ஆளை மாற்றியதும் சரியாகிவிட்டது பார்த்தீர்களா என்று அந்த அம்மா பாராட்டினார். அதற்கும் சிரித்து வைத்தேன். முதல் பொய்யாவது பதற்றத்தில் வந்தது. இதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

பன்னிரண்டில் நான்கு முடிப்பதற்குள் காலண்டரைப் பார்க்கவே கூசியது. கீழ்பென்னாத்தூரில் கேட் வெல்டிங் செய்துகொண்டிருந்த பாயைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட எதுக்கு சார்? எனக்குத்தான் தெரியுமே. அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் அழுங்கைச் சுருட்டியும் விரித்தும் கொண்டிருந்தார். "படிச்சவரு சொல்றீங்கன்னு நம்பிட்டேன். மீதி எட்ட அவரே பண்ணட்டும். அவரு நம்பர் குடுங்க, நானே கூப்பிடறேன்."

பட்டறை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சாம்பிள் பிசகினால் முதலில் உங்கள் ட்ராயிங்கைக் காட்டுங்கள். பக்கத்தில் நிற்பவரைக் காட்டாதீர்கள்.

அந்த அம்மா கூப்பிட்டதும் பட்டறைக்குத் திரும்பி வந்த பாயிடம் திருத்திய ட்ராயிங்கைக் கொடுத்தேன். பொருள் பட்டியலில் ரிவெட்டுக்குக் கீழே புதிய வரி: காலண்டர் தாள் ஒன்று, பதிமூன்று துண்டாக. பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"முடிஞ்ச தேதின்னு போடுங்க சார். இன்னிக்கி தாள கிழிச்சிட்டா உங்க வீட்டம்மா ராவுகாலம் எதுல பாப்பாங்க?"

அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.