எழுபத்தைந்து வயது வரை

என் அப்பா பஸ்தியாம்பிள்ளைக்கு இரண்டு வயதுகள் இருந்தன. மன்னாரில் உள்ள ஞானஸ்நானப் பதிவேட்டின்படி அவர் பிறந்தது 1956இல். பிரித்தானியக் கடவுச்சீட்டின்படி 1948இல். இடையில் உள்ள எட்டு வருடங்களைக் கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்ட் கூட்டிக் கொடுத்தான். போர் நடந்த அந்தக் காலத்தில் முப்பத்திரண்டு வயதுத் தமிழனைவிட நாற்பது வயதுத் தமிழனுக்குச் சோதனைச் சாவடிகளைக் கடப்பது சுலபம். லண்டனில் இறங்கியபோதும் அதே திகதியைச் சொன்னார். பிறகு திருத்தப் பயந்தார்.

குட்மேய்ஸில் ஒரு பெற்றோல் செட்டில் இருபத்தாறு வருடம் கல்லாவில் நின்றார். கடவுச்சீட்டின்படி 2013இலேயே பென்சன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. உண்மையான அறுபத்தாறு வரும்வரை வேலைக்குப் போனார். கூட வேலை செய்த மேர்வின் அங்கிளுக்கு இது பெரிய பகிடி.

"அரசாங்கம் தாறன் எண்டுது, நீங்கள் வேண்டாம் எண்டுறியள். உங்களை மியூசியத்தில வைக்கவேணும் அண்ணை."

"வைக்கட்டும். எந்த ஆண்டுப் பொருள் எண்டு எழுதுறதுக்குள்ள அவங்களுக்கு விசர் பிடிச்சிடும்."

நான் தடுப்பூசி ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். காசநோய்க்கு எதிரான தடுப்பூசி. அதில் இருப்பது பலம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள பக்டீரியா. இளம் உடல் அதை அடையாளம் கண்டு பயிற்சி பெற்றுக்கொள்கிறது. முதிய உடல் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எட்டு வார எலிகளில் நன்றாக வேலை செய்த எங்கள் பக்டீரியா, இருபது மாத எலிகளில் பாதிகூடச் செய்யவில்லை. முதிய உடற்கலங்களின் கண்ணில் படும்படி அதை மாற்ற நான்கு வருடம் பிடித்தது.

2024 இலையுதிர்காலத்தில் ஒரு மருத்துவமனையில் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. அறுபது முதல் எழுபத்தைந்து வயது வரை. உயிருள்ள கிருமி என்பதால் அதற்கு மேல் எடுக்கப் பயம். முதியவர்களுக்காகவே செய்த தடுப்பூசி. நான் இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். எழுபத்தைந்துக்கு மேல் போதிய தரவு இல்லை என்று பதில் வந்தது. தரவு இல்லாததால் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் தரவு இல்லை.

அப்பா எனக்குச் சொல்லாமலே விண்ணப்பித்திருந்தார். எங்கள் கோயில் பங்கில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர் அவர். போன வருடம் அப்படி அவர் போய் அருகில் இருந்து செபமாலை சொல்லிக்கொடுத்த ஒரு நோயாளிக்குக் காசநோய் இருந்தது. மருத்துவமனையிலிருந்து ஒரு வரியில் மறுப்பு வந்தது. எழுபத்தாறு.

அதன் பிறகு மன்னாருக்கு எழுதி, பங்குத்தந்தையிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் எடுப்பித்தார். அது வந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து இல்ஃபோர்ட் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மேசையில் வைத்தார்.

"இதைக் குடுத்தா அறுபத்தெட்டு. சேர்ப்பினம்."

அம்மா டொலறஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "இவ்வளவு காலமும் பொய் சொன்னனான் எண்டு நீங்களே எழுதிக் குடுக்கப்போறியளோ? பிரஜாவுரிமையைப் பறிச்சா என்ன செய்வியள்?"

"பறிச்சா உன்னோட வந்து ஒட்டிக்கொள்ளுறன். உன்ர திகதி சரிதானே."

"பகிடி விடாதேங்கோ."

அப்பா என் பக்கம் திரும்பினார். "மோள், நீ படிச்சனி. சொல்லு, குடுக்கட்டோ?"

"ஒப்பிட்டுப் பாக்கிறதுக்காகப் பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணிதான் ஏத்துவினம் அப்பா. அதுக்காகப் பாஸ்போர்ட்டைப் பணயம் வைக்கேலாது. அடுத்த கட்டத்தில வயசெல்லையைக் கூட்டுவினம்."

"உப்புத் தண்ணி எண்டாலும் உன்ர வேலைக்கு உதவுந்தானே?"

"உதவும்."

"அப்ப?"

"பொறுங்கோ எண்டு சொல்லுறன்."

சான்றிதழைத் திரும்ப உறைக்குள் போட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

ஜனவரியில் இருமல் தொடங்கியது. குளிர்காலச் சளி என்று எல்லோரும் நினைத்தோம். நானும். காசநோய் என்று தெரிந்தபோது அது நுரையீரலோடு நிற்கவில்லை. மருந்து தொடங்கிப் பத்தொன்பதாம் நாள் இறந்தார்.

இளம் வயதில் மன்னாரில் தொற்றி உறங்கிக் கிடந்த கிருமியா, இல்ஃபோர்டில் புதிதாக வந்ததா, தெரியாது. முதலாவது என்றால், ஆய்வில் சேர்க்குமுன் செய்யும் இரத்தப் பரிசோதனையிலேயே அவரை விலக்கியிருப்பார்கள். அதே பரிசோதனை கிருமி இருப்பதையும் காட்டியிருக்கும். அது நோயாக மாறாதிருக்க மாத்திரை தந்திருப்பார்கள். இதை நான் அந்த ஞாயிறு யோசிக்கவில்லை. ஊசியைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். என் தொழில் அது.

மே மாதம் அடுத்த கட்ட ஆய்வுத் திட்டம் என் மேசைக்கு வந்தது. வயது: அறுபது முதல் எண்பத்தைந்து வரை. நான் சொன்னபடியே கூட்டியிருந்தார்கள். இரண்டு வயதுகளில் எதைச் சொல்லியிருந்தாலும் அப்பாவைச் சேர்த்திருப்பார்கள். என் பகுதியை வாசித்தேன். ஓரிடத்தில் அளவு அலகு பிழையாக இருந்தது. திருத்திக் கையொப்பமிட்டேன்.