கைக்கு வராத சம்பளம்

சம்பளக் குமாஸ்தாவுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் மரியாதை. மற்ற நாளெல்லாம் அவன் பிடித்தம் போட்ட பாவி. அந்த ஒரு நாளையும் என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். சம்பளப் பட்டியல் எழுதி விரல் தேய்ந்தவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், உங்களுக்குத்தான் புரியும்.

கையெழுத்து வேட்டை

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம். காஞ்சிபுரத்தில் எங்கள் அரசாங்க ஆபீசுக்கு உத்தரவு வந்தது. இனி ரொக்கச் சம்பளம் கிடையாது, பேங்கில் போட்டுவிடுவார்கள், ஏடிஎம் கார்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்பது பேரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது என் வேலை. அதுவரை நான் ஏடிஎம் வாசலில் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. ஆனாலும் "பட்டனைத் தட்டினால் பணம் கொட்டும்" என்று மேஜையில் கையை ஊன்றிப் பிரசங்கம் செய்தேன். எங்கள் ஆபீஸ் தண்ணீர் லாரி ஓட்டும் தேவராஜ் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பணத்த கண்ணுல காட்டாமயே குடுத்தாச்சுன்னு சொல்றதுக்கு மிஷினு எதுக்கு சார்? அந்த வேலைய என் மச்சானே செய்றான்."

பொட்டு வைத்த கார்டு

எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும் முதலில் காமாட்சி அம்மன் சன்னிதிக்குப் போகும். என் கார்டும் போனது. குருக்கள் அம்மன் பாதத்தில் வைத்துக் கொடுத்தார். அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து, முன்பக்கம் என் பேர் மறையக் கூடாதே என்று பின்பக்கம் திருப்பினேன். கறுப்புப் பட்டை ஒன்று இருந்தது. பொட்டு எடுப்பாகத் தெரியும் என்று அதன்மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமமும் வைத்தேன்.

முதல் சம்பள நாளில் "என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஆபீசையே கூட்டிக்கொண்டு காந்தி ரோடு மிஷினுக்குப் போனேன். கார்டைச் செருகினேன், துப்பியது. மறுபடி செருகினேன், மறுபடியும் துப்பியது. பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சுட்டது. வாங்கிப் பார்த்த காவலாளி மட்டும் சிரிக்கவில்லை. "பொட்டு வச்சா அம்மன் ஏத்துக்குவாங்க சார், மிஷினு ஏத்துக்காது. அந்த கறுப்புப் பட்டையத்தான் அது படிக்கும், தொடச்சிக்கினு வாங்க."

கன்னியம்மாவின் கேள்வி

கையெழுத்துப் போடாதவர் ஒருவர்தான் மிச்சம்: ஆபீஸ் பெருக்கும் கன்னியம்மா. சம்பள நாளில் அவர் கணவர் சீனு காலையிலேயே கேட்டில் வந்து நிற்பார். அவர் கைக்குப் போவது ஒயின்ஷாப்புக்குப் போய்விடும். அதனால் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டதும், மகளின் நர்சிங் படிப்புக்கான பணத்தைக் கன்னியம்மா என் டிராயரில் போட்டுவிடுவார். சீனு போன பிறகு வந்து எடுத்துக்கொள்வார்.

நாற்பதில் ஒன்று குறைகிறதே, ஆபீசர் திட்டுவாரே என்ற கவலையில் நான் இதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். கன்னியம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "கார்ட அந்தாளு புடுங்கிக்கினா என் பொண்ணு படிப்பு அவ்ளோதான். உங்க மிஷினுல டிராயரு இருக்குதா சார்?"

மூன்று தடவை

ஆபீசர் போட்ட அதட்டலில் கடைசியில் கன்னியம்மாவும் கையெழுத்துப் போட்டார். வெட்கத்தோடு அவரை உட்காரவைத்து எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ரகசிய நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது. மூன்று தடவை தப்பாக அடித்தால் மிஷின் கார்டை விழுங்கிவிடும் (பொட்டைத் துடைத்த பிறகு என் கார்டு அப்படித்தான் போயிருந்தது). பாஸ்புக் இருந்தால் பேங்க் கவுண்டரிலும் எடுக்கலாம்.

அடுத்த சம்பள நாள் மத்தியானம் சீனு வந்து என் மேஜையில் அறைந்தார். மிஷின் கார்டை விழுங்கிவிட்டதாம், நான்தான் தப்பு நம்பர் கொடுத்தேனாம். அவர் திட்டி ஓய்ந்து போன பிறகு கன்னியம்மா வந்தார். கையில் பாஸ்புக், அதற்குள் நர்சிங் ஸ்கூலில் பணம் கட்டிய ரசீது. கார்டையும் ஒரு தப்பு நம்பரையும் அவரே கணவரிடம் கொடுத்து மிஷினுக்கு அனுப்பிவிட்டு, நேராக பேங்குக்கு நடந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூணு தபா பாத்துட்டு மூடிக்கிச்சாமே அந்த மிஷினு. எனக்கு அந்த புத்தி வர இருபது வருஷம் ஆச்சு சார்."

கண்ணுக்கே தெரியாத கிரிப்டோ காசில் அரசாங்கச் சம்பளம் கொடுக்கலாமா என்று இப்போது படித்தவர்கள் என்னிடம் கேட்டால், கார்டின் எந்தப் பக்கம் பொட்டு வைக்கக் கூடாது என்பது மட்டுமே தெரிந்த நான், கன்னியம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.