படியை விட்டு இறங்கச் சொன்னேன்

சுனாமிக்குப் பிறகு நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமில் என்னை யாரும் எதற்கும் தலைவியாக வைக்கவில்லை. வைக்கவும் முடியாது. கடல் என் மாப்பிள்ளையைக் கொண்டுபோய் மூன்றாவது மாதம். புருசனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதற்காக, கீழ்மாடி வகுப்பறை ஒன்றின் வாசலில் பழைய சாரி ஒன்றைத் திரையாகக் கட்டித் தந்திருந்தார்கள். உள்ளே என்னைப்போல இன்னும் மூன்று பேர்.

ஆனால் என் வாய் திரைக்குள் அடங்கவில்லை. தண்ணீர் பவுசர் லொறி வந்தால் வெளியே வாளிச் சண்டை தொடங்கும். உள்ளே இருந்தபடியே, "கைப்புள்ளக்காரிக்கு முதல்ல வழி விடுங்க கா" என்று கத்துவேன். முதலில் ஏசினார்கள். பிறகு சண்டை வந்தாலே திரைக்கு முன்னால் வந்து நின்று, "ராத்தா, நீங்க சொல்லுங்க" என்று சொந்த அக்காவிடம் கேட்பதுபோலக் கேட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

அன்று வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பள்ளிக்கூடக் கேற்றடியில் நின்ற யாரோ ஒருத்தி "கடல் வருது" என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயத்தில் உடுப்பு நனைந்துவிட்டது.

மேல்மாடிக்கு ஒரே ஒரு படிக்கட்டு. முழு முகாமும் அதில் பாய்ந்தது. சாரி இடுக்கால் பார்த்தேன். நடுப்படியில் ஒருத்தி விழுந்துகிடக்க, பின்னால் வந்தவர்கள் முட்டித் தள்ள, மேலே போகவும் வழியில்லாமல் எல்லாரும் இறுகிப்போய் நின்றார்கள். அடிப்படியில், அந்த நெரிசலுக்குள், என் ஏழு வயது மகள். எனக்கு மிஞ்சியது அவள் மட்டும்தான்.

உள்ளே இருந்து தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவர் காதிலும் விழவில்லை. திரையைத் தள்ளினேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து, "வெளிய போகாதீங்க ராத்தா, குத்தம் வரும்" என்று அழுதாள். உயிருக்கு ஆபத்து என்றால் வெளியே போகலாம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு பேருக்கும் பயம். கையை உதறிவிட்டு, வெள்ளைச் சாரியோடு முற்றத்தில் போய் நின்றேன்.

பின்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். "அல்லாஹ்வே, இத்தாவில இருக்கிற ராத்தா வெளிய வந்துட்டா" என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. சத்தம் சற்றுக் குறைந்தது.

கீழ்ப்படியில் நிற்பவர்கள் இறங்கினால்தான் விழுந்தவளைத் தூக்கலாம். இறங்குவதென்றால், வருகிற கடலுக்கு முன்னால் வெறுந்தரையில் நிற்க வேண்டும். எந்தத் தாய் நிற்பாள்? நான் வாயால் சொன்னால் இறங்குவார்களா?

"மகள், இறங்கி உம்மாட்ட வா."

"மாட்டன் உம்மா. கடல் வருது."

"தெரியும். நீ வா."

அழுதுகொண்டே வந்தாள். வந்து என் சாரியைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி தன் பிள்ளையை இறக்கினாள். பிறகு நாலைந்து பேர். படி இளகியது. விழுந்தவளைத் தூக்கினார்கள், கால் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. பிள்ளைகளை முன்னால் விட்டு, சுவரோரமாக ஒவ்வொருவராய் ஏறினார்கள். நானும் மகளும்தான் கடைசி. ஏறும் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவேயில்லை, அவ்வளவு பயம்.

கடல் வரவில்லை. பள்ளிவாசலில் இருந்து வந்த ஆண்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். அதற்குள் நான் திரைக்குப் பின்னால் போயிருந்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போன நோன்பில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டாள்: "உம்மா, அண்டைக்குக் கடல் வராதெண்டு ஒங்களுக்குத் தெரியுந்தானே? அதாலதானே என்ன இறங்கச் சொன்னீங்க?"

"ஓம் மகள்" என்றேன்.

எனக்குத் தெரியாது. வருகிறது என்றுதான் நினைத்தேன்.